முந்நீர் உண்ட மகளிர்

விருந்துணவுக்கு முன் கலவைப் பானம் அருந்துதலை மேனாட்டார் ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். 'கொக்டெயில்' என்னும் சொல்லுக்கு 1806ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்று பொருள் விளக்கிற்று. மது, சர்க்கரை, நீர், கசப்புச் சாறு என்னும் நான்கும் கலந்தது என்பது அவ்விளக்கம். பிரெஞ்சு மக்கள் உணவுக்கு முன் பருகுவதை 'அப்பெரிடிவ்' என்பர். 'திறத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த சொல் அது. பசியின் கதவைத் திறப்பது என்க.

தமிழர்க்கு இவ்வழக்கம் புதிதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அரண்மனையை அடைந்த பொருநனுக்கு மகளிர் பொற்கலம் நிறையப் பன்முறை மது வார்த்தனர். ஊனும் சோறும் பின்னரே வந்தன. பெரும்பாணாற்றுப்படையோ மது ஆக்கும் முறையையே கூறுகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய கலத்தில் ஆற்றி, நெல்முளையின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவர். சுட்ட மீனோடு அதனை விருந்தினர்க்கு அளிப்பர்.

இவற்றைக் காட்டிப் பண்டையோர் குடித்தனர், நாமும் குடிக்கலாம் என்று வாதிடும் மாணவர் உளர். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் காட்டிப் பழைய பாடல்களை வகுப்பில் ஒதுக்கிச் செல்லும் ஆசிரியரும் உளர். இரண்டும் முறையல்ல. பொற்கலத்து மதுவும் நம் இலக்கியம். அதனை விலக்கிய அறமும் நம் இலக்கியம். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கற்பித்தல் கல்வியாகாது.

இவ்விரண்டுக்கும் இடையே புறநானூற்று 24ஆம் பாட்டு ஓர் அரிய காட்சியை வைத்துள்ளது. மாங்குடி கிழார் பாடியது அது. அப்பாட்டில் வன்பரதவர் வெம்மை மிக்க மதுவை உண்டு குரவை ஆடுகின்றனர். அதே கடற்கரையில் முண்டகப் பூமாலை அணிந்த மகளிர் பனங்குரும்பை நீர், கருப்பஞ்சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் ஒன்றாய்க் கலந்து பருகிக் கடலில் பாய்கின்றனர். மூன்று நீரின் கலவை முந்நீர்; கடலின் பெயரும் முந்நீர். முந்நீர் உண்டு முந்நீரிற் குதித்தனர் என்று புலவர் சொல்லாடி மகிழ்கின்றார். மதுவும் மதுவில்லாக் கலவையும் ஒரே பாட்டில் அருகருகே நிற்கின்றன. ஒன்றைக் குறித்து மற்றொன்று நாணவில்லை.

இன்று கொழும்பு விருந்துகளில் மது அருந்தாதவர்க்குப் போத்தலில் அடைத்த இனிப்புச் சோடாவே பெரும்பாலும் வாய்க்கின்றது. அதனைக் கையிலேந்தி ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பார். அவர்க்கும் உரியதொரு வள்ளம் வேண்டாவா? வெள்ளவத்தையிலும் களுபோவிலவிலும் செவ்விளநீருக்குக் குறைவில்லை, கருப்பஞ்சாறும் அரிதன்று. நுங்குக் காலம் குறுகியது; ஆதலின் முந்நீர் பருவத்துக்குரிய பானம். அப்பருவம் வரும்போது விருந்தின் முதற் கலமாக அதனை வைத்து, அதன் பழம்பெயராலேயே அழைப்போம். மது உண்பாரும் உண்ணாதாரும் ஒரே நிரையில் அமர்ந்து உண்ணத் தொடங்கலாம்.