கேப்பர் மலை குடித்து வைக்கும் மழை

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் வரை வயலும் வாய்க்காலுமாகத் தரை சமமாகவே கிடக்கிறது. சிதம்பரத்தை நெருங்கினால் தொலைவில் முதலில் தலை காட்டுபவை கோயில் கோபுரங்கள்தான். இப்படிப்பட்ட சீமையில், கடலூரை ஒட்டி மேற்கே எழும் சுமார் நூறடிச் செம்மண் மேட்டை ஊரார் மலை என்றே சொல்கிறார்கள். சேர்வராயன் மலையைப் பார்த்த கண்ணுக்கு அது மலையாகத் தோன்றாது. ஆனாலும் கடலூருக்குக் கேப்பர் மலை போல் வாழ்வு கொடுக்கும் இடம் வேறில்லை.

கேப்பர் என்பவர் இங்கே வீடு கட்டிக் குடியிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரி. அதற்கு முன் இது வண்டிப்பாளையத்து மலை. 1783இல் கடலூருக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய களமும் இந்தப் பக்கம்தான். மத்தியச் சிறையும் இம்மலையில்தான் இருக்கிறது. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதான பாரதி, கடலூரில்தான் சிறை வைக்கப்பட்டார்.

மலைத்தொடரின் மேற்கில், கெடிலக்கரைத் திருவந்திபுரத்தில் ஔஷதகிரி. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஐதிகம். 74 படி ஏறினால் கல்வித் தெய்வமான ஹயக்ரீவர் சந்நிதி. வேதாந்த தேசிகர் தவமிருந்த இடம் என்பதால் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். முகூர்த்த நாளில் கீழே தேவநாதசுவாமி கோயிலில் கல்யாணக் கூட்டம் நெரியும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது மலையின் உடம்புதான். புவியியலார் இதற்கு இட்ட பெயரே கடலூர் மணற்பாறை. திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்களைப் பொதிந்து வைத்திருப்பதும், நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே படிந்திருப்பதும் இதே பாறை. இறுகாத மணலும் களியுமான இது பெய்யும் மழையை உறிஞ்சி ஆழத்துக்கு அனுப்புகிறது. கடலூர் நகரத்தின் குடிநீருக்கு இந்த மலையில்தான் ஆழ்துளைக் கிணறுகள் போட்டிருக்கிறார்கள். ராமாபுரம், வெள்ளக்கரை, ஒதியடிக்குப்பம் வாழைத்தோட்டங்களும் இந்த நீரில்தான் பச்சை பிடித்திருக்கின்றன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இப்பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரம் போன சரிவில் மழை மண்ணை அறுத்து ஓடுகிறது. மரத்தைத் திரும்ப நடலாம். ஆனால் செம்மண்ணை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பினால், தண்ணீரை உள்ளே வாங்கும் மேல்வாயே போய்விடும். கீழே கடற்கரையில் நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு உள்ளே ஏறும். ஆகவே குடிநீர்க் கிணறுகள் இருக்கும் சரிவுகளில் மண் வெட்ட எவருக்கும் உரிமம் தரக்கூடாது.