எஞ்சின் ஏன் நிற்கவில்லை?

விண்கலத்தை நடத்துவது நெடுங்காலம் நொடிவாரியாகக் கட்டளை எழுதும் வேலையாகவே இருந்தது. இத்தனை மணிக்குக் கேமராவைப் போடு, இத்தனை மணிக்கு அணை என்று வரிவரியாக எழுதி அனுப்புவார்கள். நடுவில் ஒரு வால்வு மக்கர் செய்தால் கலம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பூமியிலிருந்து பதில் வரும்வரை சும்மா கிடக்கும்.

1999 மே 17 அன்று நாசா வேறு வழியைச் சோதித்துப் பார்த்தது. சுமார் 10 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த டீப் ஸ்பேஸ் 1 கலத்தின் பொறுப்பு 'ரிமோட் ஏஜென்ட்' என்ற மென்பொருளிடம் போனது. அதற்குக் கொடுத்தவை இலக்குகள் மட்டுமே: அயனி எஞ்சினை ஓட்டு, இடையிடையே சிறுகோள்களைப் படமெடு. சிறுகோள் பக்கம் கலத்தைத் திருப்பினால் உந்தும் திசை மாறிவிடும். ஆகவே முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். இப்படிப்பட்ட நிபந்தனைகளையெல்லாம் கணக்கில் கொண்டு, எது முன், எது பின் என்று மென்பொருளே அட்டவணை போட்டது. கேமராவை அணைக்க முடியாததுபோல் வேண்டுமென்றே ஒரு பொய்க் கோளாறு கொடுத்தார்கள். அசராமல் புதுத் திட்டம் போட்டது.

மறுநாள் எஞ்சின் நிற்க வேண்டிய நேரம் வந்தது; நிற்கவில்லை. மென்பொருளின் இரண்டு பகுதிகள் ஒன்றுக்காக ஒன்று காத்து முடங்கிவிட்டன. இதே வகைப் பிழையைக் கலம் பறப்பதற்கு முன்பே, நாசாவின் ஏம்ஸ் மையத்தில் கணித முறைச் சரிபார்ப்பில் கண்டுபிடித்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆனால் அந்தச் சரிபார்ப்பில் சோதித்தது மென்பொருளின் வேறொரு பகுதியை. திருத்தத்தை அவசரமாக அனுப்புவது இன்னும் ஆபத்து என்று பிழையை அப்படியே விட்டு, மே 21-இல் சோதனையைத் தொடர்ந்தார்கள். பிழை மறுபடி தலைகாட்டவில்லை. துணிச்சலான முடிவு; எனக்குச் சரியாகவே படுகிறது.

மென்பொருள் திட்டமிடுவது அதோடு நிற்கவில்லை. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளுக்கு மாப்ஜென் என்ற மென்பொருள் பூமியில் இருந்தபடியே அன்றாடத் திட்டம் போட உதவியது. விஞ்ஞானிகள் கேட்ட வேலைகளுக்கெல்லாம் மின்சாரம் போதவில்லை. எதை விடுவது, எதை வைப்பது என்பதை மென்பொருளே தீர்த்துவிடலாம். ஆனால் கணினி தன் போக்கில் கலைத்து அடுக்கிய திட்டம் பிழையில்லாமல் இருந்தாலும், ஏன் அப்படி என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. அதனால் மனிதர் குறித்த நேரத்தை முடிந்தவரை நகர்த்தாமல், முரண்படும் இடத்தில் மட்டும் கைவைக்கும்படி அதை அமைத்தார்கள்.