படம் சாட்சி சொல்லுமா?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. ஆயினும் ஒரு புகைப்படத்தைப் பார்த்தவுடன் இதை நாம் மறந்துவிடுகிறோம். மனிதன் பொய் சொல்லக்கூடும், காமிரா சொல்லாது என்பது நமது நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரியென்று சற்று ஆராய்வோம்.

படத்தைத் திருத்தும் வழக்கம் புதியதன்று. 1857-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ரெய்லாண்டர் என்பவர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டுக் காட்டினார். நம் நாட்டு ஸ்டூடியோக்களிலும், நெகட்டிவின்மீது பென்சிலால் 'டச்சிங்' செய்து முகத்தழும்பை மறைப்பது சாதாரணமாக நடந்ததே. ஆனால் அதற்குப் பொறுமையும் தேர்ந்த கையும் வேண்டியிருந்தன. ஐயம் எழுந்தால் எடுத்துப் பார்க்க நெகட்டிவ் என்றொரு சாட்சியும் இருந்தது.

டிஜிட்டல் படத்தின் இயல்பே வேறு. அது எண்களின் தொகுப்பு. படப்பரப்பு லட்சக்கணக்கான நுண்புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவு, பெரும்பாலும் 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்படுகிறது. எண்ணை மாற்றினால் நிறம் மாறும். ஓரிடத்து எண்களைப் பிரதியெடுத்து மற்றோரிடத்தில் இட்டால், அங்கு இல்லாத பொருள் தோன்றும். ஒட்டிய தடம் எளிதில் தெரியாது. 1990-இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தபின் இவ்வேலை பலருக்கும் எளிதாயிற்று. இன்றோ கைப்பேசியிலேயே நொடியில் முடிகிறது. செயற்கை நுண்ணறிவு, காமிரா இன்றியே படத்தை உண்டாக்கிவிடுகிறது.

அப்படியாயின் திருத்தம் அனைத்தும் குற்றமா? அன்று. இருண்ட படத்தைச் சற்று வெளிச்சமாக்குவது, இருந்ததைத் தெளிவாகக் காட்டுவதாகும். இல்லாததைச் சேர்ப்பதும், இருந்ததை அகற்றுவதும் வேறு. கல்யாணப் படத்திலும் விளம்பரத்திலும் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். செய்திப்படமோ, "இது இவ்வாறே நடந்தது" என்று வாக்களிக்கிறது. அந்த வாக்கை மீறுவதே குற்றம். 2006-இல் பெய்ரூத் குண்டுவீச்சைக் காட்டும் படமொன்றில் புகை மிகைப்படுத்தப்பட்டது தெரிந்ததும், ராய்ட்டர் நிறுவனம் அதை எடுத்தவரின் படங்கள் அனைத்தையும் விலக்கிவிட்டது. ஒரு படம் பொய்யானதால் மற்றவையும் நம்பிக்கை இழந்தன.

ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது தொலைதூர விஷயமன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடுவதாகப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட படமொன்றில், சன்னல் வழியே தெரிந்த காட்சி வேறொரு படத்திலிருந்து ஒட்டப்பட்டிருந்தது. அது வெளிப்பட்டதும் படம் நீக்கப்பட்டது. ஊரில் மழை பெய்யுந்தோறும் நம் கைப்பேசிக்கு வந்து சேரும் படங்களுள் எது உண்மை, எது ஒட்டு, எது என்றோ எங்கோ எடுத்தது என்பதைப் பார்த்தமாத்திரத்தில் சொல்ல இயலாது.

ஆகையால் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். எடுத்தவர் யார்? எடுத்த நாளும் இடமும் எவை? இதற்குமுன் இப்படம் எங்கேனும் வெளிவந்துள்ளதா? படத்தையே கொடுத்து இணையத்தில் தேடும் வசதி, கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை தரும். விடை கிடைக்கும்வரை அதைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம். வீட்டைப் பற்றிய கவலையாயின், படத்தை நம்பிக் கலங்குவதைவிட அண்டைவீட்டாருடன் தொலைபேசியில் பேசித் தெரிந்துகொள்வதே மேல்.