உங்களுக்குத் தெரியுமா? காரின் பிறவி நிறம்

1962-இல் ஆலையை விட்டு வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இன்று சிவப்பாக நிற்கலாம். பிறந்தபோது அதன் நிறம் என்ன, சீட் உறை என்ன நிறம் என்பதை இன்றும் ஆலைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

● இங்கிலாந்தின் கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் அந்தப் பதிவேடுகளைக் காக்கிறது. சேஸிஸ் எண்ணைத் தந்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் தரும். தயாரித்த தேதியும் முதல் என்ஜின் எண்ணும்கூட அதில் இருக்கும்.

● காரே சாட்சி சொல்லும். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். வெயில் படாத அந்த மூலைகளில் பழைய பெயிண்ட் நிறம் மங்காமல் ஒளிந்திருக்கும்.

● கண்ணில் பட்ட பெயிண்ட் பழைய வகையா, இன்றைய வகையா என்றும் சோதிக்கலாம். பழைய செல்லுலோஸ் பெயிண்ட் காய்ந்து பல ஆண்டுகள் ஆனாலும் தின்னரில் கரையும். நனைத்த துணியால் துடைத்தால் நிறம் துணியில் ஒட்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய பெயிண்ட் அப்படிக் கரையாது.

● தொடக்ககால எம்ஜிபியின் தோல் சீட்டுகளில் விளிம்புத் தையல் பட்டை வேறு நிறத்தில் ஓடும். சீட்டைப் புதுப்பிக்கும்போது அந்த மெல்லிய கோட்டையும் மறக்கக் கூடாது. காரின் முழு அழகும் அதில்தான்!