முதுகைப் பாருங்கள், ஜாதகத்தை அல்ல!

பாவிலே ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறான் குமாரபாளையத்து நெசவாளி. இழையைத் தவறவிடாத அந்தக் கண்கள், பெற்ற மகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதைக் காண்பதில்லையே, ஏன்? வயதுக்கு வந்த பெண்ணின் முதுகை யார் பார்ப்பது? தெரிந்த பிறகோ, "வெளியே சொன்னால் வரன் வருமா?" என்ற அச்சம் வாயை அடைக்கிறது.

தண்ணீர்க்குடம் சுமந்ததால் என்பார் ஒருவர். முன்வினை என்பார் இன்னொருவர். குடமுமல்ல, வினையுமல்ல, புத்தகப்பையுமல்ல! பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவ உலகமே இன்னும் அறுதியிடவில்லை. தெரியாததைத் தெரியாது என்கிறது விஞ்ஞானம். கிரகத்தைக் கைகாட்டிக் காசு பறிக்கிறான் ஜோதிடன்.

காரணம் தெரியாவிட்டால் என்ன, அளவு தெரியும்! 1948இல் அமெரிக்க மருத்துவர் காப், எக்ஸ்ரே படத்தில் கோடுகள் இழுத்து வளைவைப் பாகையால் அளக்கும் வழி சொன்னார். 10 பாகை இருந்தால் நோய். 25ஐத் தாண்டி, வளரும் பருவமும் மிச்சமிருந்தால் முதுகுக்கச்சை. 50ஐ எட்டினால் பெரும்பாலும் அறுவைதான். கச்சையால் பயனுண்டா என்று கேட்போருக்கு 2013இல் வெளியான ஆய்வு விடை தந்தது: கச்சை அணிந்தோரில் 72 விழுக்காட்டினர் அந்த 50ஐ எட்டாமலே வளர்ந்து முடித்தனர், அணியாதோரில் 48 விழுக்காட்டினரே தப்பினர். வளர்ச்சி நின்றபின் கச்சைக்கு வேலையில்லை.

அதற்காக மாதம் ஒரு படம் எடுத்துத் தள்ளலாமா? கூடவே கூடாது! 1912 முதல் 1965 வரை அமெரிக்காவில் இந்நோய் கண்ட 5,573 பெண்களை ஆராய்ந்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குச் சராசரி 25 படங்கள். மார்பகப் புற்றால் மாண்டோர் எதிர்பார்த்ததைப் போல் 1.7 மடங்கு! அன்றைய கருவிகளை விட இன்றையவை கக்கும் கதிர் குறைவு. ஆயினும் எச்சரிக்கை தேவை. கதிர் முதுகுப்புறமிருந்து பாயும்படி எடுத்தால் மார்பு தப்பும். நிற்கவைத்தே எடுக்க வேண்டும். படுக்கவைத்தால் வளைவு குறைவாகத் தெரியும்.

முதல் சோதனைக்குப் படமே வேண்டாம். பிள்ளையைக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். வளைவிருந்தால் ஒருபக்க விலா மேடாக எழும். பெண்பிள்ளைகளுக்குப் பத்து வயதிலும் பன்னிரண்டிலும் ஓர் ஆசிரியை இதைச் செய்ய எவ்வளவு நேரமாகும்? ஐயமெழுந்தால் படம் எடுக்கக் கூலிக்காரர் ஈரோட்டுக்கும் கோவைக்கும் ஓடிக் கடன்படத்தான் வேண்டுமா? நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்றே! அங்கிருந்து மாதம் ஒருநாள் முதுகெலும்பு மருத்துவர் ஒருவரைக் குமாரபாளையம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பட்டும். முழு முதுகையும் நிற்கவைத்து எடுக்கும் வசதியை அங்கே அரசு உறுதி செய்யட்டும்.