வலியடக்கும் மருந்தும் அதன் அளவும்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழியை அறியாத மாணவர் எவரும் இரார். ஆனால் அந்த அளவு எது, அதனை அறுதியிடுபவர் யார், இன்று சரியாயிருந்த அளவு நாளைக்கும் சரியாயிருக்குமா என்பவற்றைப் பழமொழி சொல்வதில்லை. அன்றாட வாழ்வில் இதனால் பெருந்தீங்கு நேர்வதும் இல்லை. குழம்பில் ஒருநாள் உப்புக் கூடிவிட்டால் மறுநாள் குறைத்துக்கொள்கிறோம். ஆயின் ஒரு வகை மருந்துகளைப் பொறுத்தவரையில் இவ்வினாக்கள் உயிரோடு தொடர்புடையவை. அபினிலிருந்து பிறந்தனவும் அதனை ஒத்தனவுமாகிய வலியடக்கும் மருந்துகளைப் பற்றியே இங்குக் கூற எண்ணுகின்றேன்.

நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் இதனைப் பயிரிடுகின்றனர். ஜெர்மனி நாட்டில் மருந்துக்கடை ஒன்றில் பணியாற்றிய செர்ட்யூர்னர் என்னும் இளைஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த அபினிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரால் அது மார்ஃபின் எனப்பட்டது. சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன், தோலில் ஒட்டிக்கொள்ளும் பென்டனில் ஒட்டு, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கப்படும் டிரமடால் ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. டிரமடாலை விழுங்குவோரில் பலருக்கு இவ்வுறவு தெரியாது.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபினுக்கு ஒப்பான மருந்து அரிது. இருந்தும் நம் நாட்டில் அது நெடுங்காலம் கிட்டாப் பொருளாகவே இருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கள்ளக் கடத்தலைத் தடுக்க எழுந்தது. ஆனால் அதன் கடுமைக்கு அஞ்சி மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன. 1997-இல் இப்பெருநாடு முழுவதிலும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் ஏறத்தாழ 18 கிலோ என்றால், எத்தனை இல்லங்களில் எத்தனை இரவுகள் முனகலில் கழிந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த இருளில் விளக்கேற்றியது கோழிக்கோடு. 1993-இல் டாக்டர் எம். ஆர். இராஜகோபாலும் அவருடைய தோழர்களும் அங்கே தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், மார்ஃபின் மாத்திரைகளை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. இரண்டாண்டுகளில் அவ்வாறு மருந்து பெற்ற 1723 நோயாளிகளைக் கணக்கில் எடுத்து 2001-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மருந்து களவுபோனதாகவோ தவறான வழியில் சென்றதாகவோ ஒரு நிகழ்ச்சியும் அவர்கள் கண்ணில் படவில்லை. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. பல உரிமங்களுக்கு அலைந்த மருத்துவமனைகளுக்கு ஒரே அனுமதி போதும் என்றாயிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் சென்று வலி தணிக்கும் பணியும் இடம்பெற்றது.

மருந்து வீட்டுக்கு வந்துவிட்டால் வீடே மருத்துவமனையாகிவிடுகிறது. நான் வாழும் செங்கம், சவ்வாது மலையின் அடிவாரத்தில் இருப்பது. திருவண்ணாமலையின் பெரிய மருத்துவமனைக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் செல்ல வேண்டும். மலைமேல் உள்ள ஊர்களுக்கோ தொலைவைக் கிலோமீட்டரில் சொல்வதில் பொருளில்லை. வளைந்து வளைந்து இறங்கும் நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். நள்ளிரவில் அங்கு ஒரு நோயாளியின் மூச்சுத் தளர்ந்தால் முதலில் அருகில் இருப்பவர் மனைவியோ மகனோ பள்ளியில் படிக்கும் பேர்த்தியோதான். அவருக்குத் தெரிந்திருப்பதே அந்நேரத்து மருத்துவம்.

அவருக்கு எப்படிச் சொல்வது? அச்சுறுத்தினால் மருந்தையே விலக்கிவிடுவர்; வலி மீண்டும் வந்து குடியேறும். ஒன்றும் சொல்லாது விட்டால் விபத்து நேரும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதற்கு எங்கள் ஊரைச் சார்ந்த ஒரு நூலே சான்று. செங்கண்மா எனப்பட்ட செங்கத்தை ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்வது மலைபடுகடாம். அதில் புலவர் வழியின் ஏதங்களை மறைக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், வழுக்கும் பாறை, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் ஆகியவற்றைச் சொல்லி, எங்கு எவ்வாறு நடக்க வேண்டும் என்கிறார். போகாதே என்று எங்கும் சொல்லவில்லை. மருந்தைப் பற்றி நோயாளிக்கு அறிவுறுத்தும் முறையும் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

முதல் வழுக்குப் பாறையில் கால் வைத்தவர் மருந்தைக் கண்டுபிடித்த செர்ட்யூர்னரே ஆவார். தாம் பிரித்தெடுத்த சத்தைத் தம்மீதும் இளைஞர் மூவர்மீதும் அவர் சோதித்துப் பார்த்தார். 1817-இல் அதனை எழுதி வெளியிட்டார். ஒரு சிறு அளவை உட்கொண்டனர். சற்றுப் பொறுத்து இன்னொன்று, அது முழுவதும் வேலை செய்யுமுன் மூன்றாவது. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தவணைகள். மயக்கமும் சோர்வும் அளவு கடந்துபோகவே, அஞ்சி, காடியைக் குடிக்கச் செய்து வாந்தி எடுக்க வைத்தார். (இந்தக் காடி வைத்தியத்தை இன்று எவரும் செய்யலாகாது. மயங்கியவர் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும்.) இந்நிகழ்ச்சியை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாய்வழி உட்கொள்ளும் சாதாரண மார்ஃபின் மாத்திரை தன் முழு வலிமையைக் காட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். அதற்குள் ‘வலி இன்னும் குறையவில்லையே’ என்று அடுத்ததை விழுங்குவோர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த அச்சோதனையைத் தம் வீட்டில் நடத்துகின்றனர். இடையில் வலி மிகுந்தால் எந்த மாத்திரையை, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மெல்லக் கரையும் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தல் கூடவே கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு உரியது ஒரே வேளையில் உடலில் இறங்கிவிடும்.

அளவு மிகுந்தால் உயிர் எவ்வாறு போகிறது? இதயம் நிற்பதனால் அன்று, மூச்சு மறந்துபோவதனால். நாம் உறங்கும்போதும் மூச்சு நடப்பதற்கு மூளையின் அடித்தண்டில் ஒரு காவல் நிலையம் இருக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடியதும் அது விழித்து, மூச்சை விரைவுபடுத்தும். அபின் இன மருந்துகள் அக்காவலனின் கண்ணை மூடச் செய்கின்றன. கரியமில வாயு ஏறுகிறது. ஆனால் எழுப்புவார் இல்லை. மதுவும், உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயஸிபாம், அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகளும் மூளையை மேலும் மந்தப்படுத்துகின்றன. தனித்தனியே தீங்கு செய்யாத அளவுகள் ஒன்று கூடிய இரவில் கொல்லும். ஆதலின், வேறு மருத்துவரிடம் வேறு நோய்க்குச் செல்லும்போதும் மார்ஃபின் சீட்டைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, அளவு மாறுவதைப் பார்ப்போம். வாரக்கணக்கில் மருந்தை உட்கொள்ளும் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. முதல் நாளில் ஆபத்தாயிருந்திருக்கக்கூடிய அளவை மூன்றாம் மாதத்தில் அது எளிதாகத் தாங்கும். இப்பழக்கத்தைப் போதைக்கு அடிமையாதல் என்று பலர் பிழைபடக் கருதுவர், இரண்டும் வேறு. ஆனால் பழகிய உடல் பழக்கத்தை விரைவிலேயே மறந்தும்விடும். கார்த்திகைத் தீபத்தின்போது திருவண்ணாமலைச் சாலைகளின் நெரிசலை நீங்கள் அறிவீர்கள். அந்நாட்களில் மருந்து வாங்கச் செல்ல இயலாமல் ஒரு நோயாளி சில நாட்கள் மருந்தின்றி இருந்துவிட்டார் என்று கொள்வோம். மருந்து கிடைத்ததும் பழைய அளவையே எடுத்தால் அது அவருக்கு இப்போது மிகுதியாகலாம். சில நாட்கள் இடைவெளி விழுந்தால் மீண்டும் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். திடீரென்று நிறுத்துவதும் உடலைப் பெரிதும் வாட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

நோயாளி மாறாதிருக்க, அவர் சிறுநீரகம் மாறலாம். மார்ஃபினின் கழிவு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உடல் வறண்டு சிறுநீர் குறைந்தால் கழிவு உள்ளேயே தங்கிவிடும். அதுவும் மருந்தாகவே வேலை செய்யும். மாத்திரை ஒன்றும் கூடவில்லை, மயக்கம் மட்டும் கூடுகிறது. பென்டனில் ஒட்டின் கதை இன்னொன்று: வெந்நீர்ப் பை வைத்தாலும் கடும் காய்ச்சல் வந்தாலும் தோல் சூடேறி மருந்து விரைந்து உட்புகும். கழற்றிய ஒட்டிலும் மருந்து எஞ்சியிருக்கும். அதனை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடிக்காமல் எறிந்தால், தவழும் குழந்தையின் கையில் அது அகப்படலாம். பக்கத்து வீட்டாரின் பல்வலிக்கு ‘நல்ல மாத்திரை’ என்று ஒன்றை எடுத்துக்கொடுப்பது நம் ஊர்ப் பண்பு. இந்த ஒரு மருந்தில் அப்பண்பைக் கைவிட வேண்டும். பழகிய உடலுக்கு உரிய அளவு பழகாத உடலுக்கு உரியதன்று.

இவையனைத்தையும் சொல்லிவிட்டால் போதுமா என்றால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் போதாது என்பேன். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாலபாடம், சொன்னதெல்லாம் சென்று சேர்ந்ததாகாது என்பது. மலையடிவார வீடு ஒன்றில், நோயுற்ற முதியவருக்கு மருந்து கொடுக்கும் அவர் மனைவியிடம் ஒரு செவிலியர் பேசியதை நான் உடனிருந்து கேட்டேன். ‘புரிந்ததா?’ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மையார் தலையசைத்திருப்பார். எல்லா மாணவரும் அப்படித்தான். ‘பாட்டி, தாத்தா நடுராத்திரி ரொம்ப வலிக்குதுன்னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க’ என்றார். பாட்டி, ‘ரெண்டு மாத்திரையா குடுத்துடுவேம்மா’ என்றார். அங்கேதான் பாடம் தொடங்கியது. மறுமுறை அதே வினாவுக்குச் சரியான விடை வந்த பிறகே செவிலியர் எழுந்தார். இதைவிடச் சிறந்த தேர்வை நான் நடத்தியதில்லை.

எழுத்தறியாத பெரியவர் உள்ள வீட்டில் ஒரு மாணவன் இருந்தால், மருந்துக் கணக்கு அவன் பொறுப்பாகலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மாத்திரை கொடுத்த மணி, எண்ணிக்கை, மீதி. ‘காலையில் கொடுத்தோமா?’ என்ற ஐயத்தில் இரண்டாம் முறை கொடுப்பதை அது தடுக்கும். மருந்துப் பெட்டி பூட்டியே இருக்க வேண்டும்.

அடையாளங்களையும் அறிந்துகொள்ளுங்கள். மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய முதல் இரண்டு மூன்று நாட்கள் தூக்கக் கலக்கம் இருப்பது இயல்பே. அழைத்தால் கண் விழித்துப் பேசுவார். அழைத்தும் தோளைத் தட்டியும் எழாதிருத்தல், மூச்சு மிக மெதுவாதல், புதிதாகக் கேட்கும் கரகரவென்ற குறட்டை, உதடும் நகமும் நீலம் பாய்தல், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குதல் ஆகியவை கலக்கம் அல்ல, ஆபத்து. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தோலில் ஒட்டு இருந்தால் கழற்றிவிடுக. மூச்சு நடந்துகொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நின்றுவிட்டால், முறை பயின்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சூத வேண்டும். நீரும் காப்பியும் புகட்டலாகாது; தனியே விட்டு அகலவும் கூடாது. நோய் முற்றி இறுதி நாட்களில் இருப்பவரின் மூச்சு நோயினாலேயே மாறுவதுண்டு. அந்நிலையில் என்ன செய்வது என்பதைக் குடும்பத்தார் மருத்துவரோடு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நஞ்சுக்கு ஒரு மாற்று மருந்து உண்டு. 1961-இல் காப்புரிமை கோரப்பட்ட நலோக்சோன், மார்ஃபின் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அதனைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். இத்தகைய விபத்தை நேரில் காணக்கூடியவர் கைக்கும் அது எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. நம் நாட்டில் பெரும்பாலும் அது மருத்துவமனையில் ஊசியாகவே கிடைக்கிறது. அதன் வலிமை ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். மெல்லக் கரையும் மாத்திரை அதற்குப் பின்னும் உடலில் இருக்கும். எனவே கண் விழித்தவரை ‘பிழைத்துவிட்டார்’ என்று உடனே வீட்டுக்கு அழைத்து வருதல் கூடாது. மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் நோட்டையும் வண்டியிலேயே எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு வேலை பாதி குறையும்.

நோயாளி குணமடைந்தாலும் இறந்தாலும் மாத்திரைகள் சில மீந்துவிடும். விலைகொடுத்தும் கிட்டாப் பொருளாயிற்றே என்று அலமாரியில் எடுத்து வைப்பவர் உண்டு. அடுத்த முறை செவிலியர் வரும்போது, அல்லது மருந்து வாங்கிய இடத்துக்கே சென்று, நோட்டில் உள்ள மீதியோடு ஒப்பிட்டு எண்ணிக் கொடுத்துவிட வேண்டும்.