அக்காவின் கேம், தம்பியின் கேம்

ஸ்டீம் என்பது கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடை. வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2003-இல் இதைத் தொடங்கியது. அங்கே வாங்கும் கேம், டிஸ்க்காகக் கைக்கு வராது. வாங்கியவரின் அக்கவுண்டில் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்தவைதான் அவருடைய லைப்ரரி. டிஸ்க் என்றால் அக்காவிடமிருந்து தம்பிக்குக் கை மாறும். அக்கவுண்டை எப்படிக் கைமாற்றுவது?

பல வீடுகளில் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மூத்தவள் நான், சம்பளத்தில் கேம் வாங்குகிறவளும் நான். தம்பி எவ்வளவு கெஞ்சியும் பாஸ்வேர்டு தரவில்லை. ஸ்டீமின் ஒப்பந்தமே அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதைவிட எனக்கு முக்கியம், அவரவர் ஆட்டம் அவரவர் பெயரில் இருப்பது. ஸ்டார்டியூ வேலி என்று ஒரு பண்ணை விளையாட்டு. எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. மாதக்கணக்கில் வளர்த்த பண்ணையை இன்னொருவர் தெரியாமல் திறந்து, விளைச்சலை அறுத்து விற்றுவிட்டால் அந்த வருத்தம் லேசில் ஆறாது.

2013-இல் ஸ்டீம் ஒரு பகிர்வு வசதியைச் சோதனைக்கு விட்டது. அதில் பெரிய குறை, ஒரு லைப்ரரியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். நான் எந்த கேமைத் தொடங்கினாலும், என் லைப்ரரியிலிருந்து வேறொன்றை ஆடிக்கொண்டிருக்கும் தம்பிக்கு எச்சரிக்கை போய்விடும். “அக்கா, அஞ்சே நிமிஷம், சேவ் பண்ணிட்டு வந்துடறேன்!” என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

2024 செப்டம்பரில் வந்த ‘ஸ்டீம் ஃபேமிலீஸ்’ இதை மாற்றியது. ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரை சேரலாம். எல்லாருடைய கேம்களும் ஒரே தொகுப்பாகத் தெரியும். சேவ் மட்டும் அவரவருக்குத் தனி. நான் போர்ட்டல் 2 ஆடும்போதே தம்பி என் ஹாலோ நைட்டை ஆடலாம். ஆனால் ஒரே கேமை இருவர் ஒரே நேரத்தில் ஆட, குடும்பத்தில் இரண்டு பிரதி இருக்க வேண்டும். ஸ்டார்டியூவில் இதற்கு ஒரு வழி உண்டு: 2020-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, ஒரே கம்ப்யூட்டரில் திரையைப் பிரித்து இருவர் ஆட ஒரு பிரதி போதும். தம்பியும் தங்கையும் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

எல்லா கேமும் பகிர வராது. வேறு நிறுவனத்தின் அக்கவுண்டோ சந்தாவோ கேட்கும் கேம்கள், உருவாக்கியவர்கள் ஒப்புக்கொள்ளாத கேம்கள் விலகி நிற்கும். வாங்குமுன் கடைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். என் பிரதியை ஆடும் ஒருவர் ஏமாற்று மென்பொருள் போட்டுப் பிடிபட்டால், அந்த கேமில் எனக்கும் தடை வரும். தம்பியின் நண்பன் எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் அவனுக்கு இங்கே இடமில்லை. பெரியவராகச் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகாமல் வேறு குடும்பத்தில் சேர முடியாது. அவர் விட்டுப்போன இடத்துக்கும் அதே ஓராண்டுக் கணக்குதான்.

தங்கை பத்தாம் வகுப்பு. அவளை ‘குழந்தை’ என்ற நிலையில் சேர்த்து, ஆடும் நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறோம். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அவள் கேட்க வேண்டும். அம்மா போனிலேயே அனுமதி தருவார். இந்தப் பொறுப்பு அக்காவிடமோ அண்ணனிடமோ இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து ஆடட்டும், காவல் வேலையைப் பெரியவர்கள் பார்க்கட்டும்.

பதின்மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளுக்குத் தனித்தனி அக்கவுண்ட் தொடங்கிக் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கிற அந்த ஒரு கேமுக்கு மட்டும், தள்ளுபடி வரும்போது இரண்டாவது பிரதியும் வாங்கிவிடுங்கள்.